லீலாவதி மறுத்த எண்

சென்ற மாதம் எங்கள் தொழிற்சாலையில் கைப்பேசியில் எண் அடித்து நுழையும் முறையை முற்றாக நிறுத்திவிட்டார்கள். இனி வரைபடக் கோப்புகளைத் திறக்க வேண்டுமானால் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சாவியைக் கணினியில் செருகித் தொட வேண்டும். எனக்குப் பின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஷகீலா வீட்டுக்கு வந்து, "சார், புதுசா சேர்ந்த பசங்க எல்லாம் ஒரே கேள்வி. பாஸ்வேர்டு போட்டாச்சே, மறுபடியும் இன்னாத்துக்கு யாருன்னு கேக்குதுன்னு. நீங்களே ஆண்டு மலர்ல எழுதிடுங்க" என்றார்.

எழுதுகிறேன். நான் நாள், கிழமை தவறாமல் குறித்து வைப்பவன் என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இங்கே தேதிகளை விட்டுவிட்டு மாதங்களை மட்டும் தருகிறேன். அந்த மாதங்கள் சரியானவை. லீலாவதி விசாரணை ஆவணியில் நடந்தது என்று ஷகீலா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடந்தது ஆடிக் கடைசி வெள்ளியன்று. காலையில் அம்மன் கோயிலில் கூழ் குடித்துவிட்டுத்தான் விசாரணை அறைக்குப் போனேன்.

என் தாத்தா வடஆற்காட்டிலிருந்து கோலார் பக்கத்துப் பாலகாட் தங்கச் சுரங்கத்துக்கு வந்தவர். அப்பாவும் அங்கேயே. நான் நிலத்துக்கு மேலேயே பிழைக்க முடிவு செய்து, ஹைட்ராலிக் பாகங்கள் செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் தட்டச்சராகச் சேர்ந்தேன். கணினி வந்தபோது அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால் அது என் மேசைக்கு வந்தது. பங்காருபேட்டையில் மாலை வகுப்பு, பிறகு தபால் வழிப் படிப்பு, பிறகு தவறு செய்து கற்றது. பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தான் யார் என்று நிரூபிக்க மூன்று வழிகள்தான் உண்டு. அவருக்குத் தெரிந்த ஒன்று: கடவுச்சொல், பின் எண். அவரிடம் இருக்கும் ஒன்று: கைப்பேசி, சாவி, அட்டை. அவரே ஆன ஒன்று: கைரேகை, முகம், கருவிழி. பழைய கோட்டை வாசல்களில் அடையாளச் சொல்லையும் கேட்டு, முத்திரை மோதிரத்தையும் காட்டச் சொன்னார்கள் என்று வரலாற்று நூல்களில் படித்திருக்கிறேன். அதே யோசனைதான் இது. இரண்டு வழிகளும் வெவ்வேறு இனமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கடவுச்சொல்லும் கேட்டு, உங்கள் முதல் பள்ளியின் பெயரும் கேட்டால் அது இரண்டு ஆகாது. இரண்டும் தெரிந்த விஷயங்கள். ஒன்றைத் திருடுகிறவன் மற்றதையும் திருடுவான்.

இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதி எங்கள் பொது மேலாளர் பிரமிளா மேடத்திடம் கொடுத்தபோது அவர் படிக்கவில்லை. "தோர்ஸி" என்றார். கன்னடத்தில் 'காட்டுங்கள்' என்று பொருள். கோலாரிலிருந்து தினமும் வந்து போகும் அவருடைய நிர்வாகம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். யார் எதைச் சொன்னாலும் பேனா மூடியைத் திறக்காமல் கேட்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எத்தனை நேரமானாலும் பார்ப்பேன் என்று அர்த்தம். எழுந்து, அந்த வேலையை உண்மையில் செய்யப்போகும் ஆளிடம் போய் நிற்பார். அந்த ஆள் தடுமாறினால் நாம் உதவக் கூடாது. நாம் கையை நீட்டினால், "நீங்க வீட்டுக்குப் போன அப்புறம் யார் ஒதவுவாங்க?" என்று கேட்பார். அவரிடம் மூன்று முறை தோற்றேன். அந்த மூன்று தோல்விகளையும் இன்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

முதலில் கைரேகை. அலுவலகத்தில் அருமையாக வேலை செய்தது. மேடம் நேராகக் கிரைண்டிங் பிரிவுக்கு நடந்தார். அங்கே நாள் முழுவதும் இரும்புப் பொடியும் குளிர்விக்கும் எண்ணெயும் பட்டுப் பட்டு, ஆட்களின் விரல்கள் பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். ஃபோர்மேன் விரலை வைத்தார். கருவி மறுத்தது. துடைத்துவிட்டு வைத்தார். மறுத்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா சார் இது, என் வெரலே நான் இல்லன்னு சாட்சி சொல்லுது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எந்திரச் சத்தம் கேட்கவில்லை.

அடுத்து குறுஞ்செய்தி ஓடிபி. இங்கே பல வீடுகளில் குடும்பத்துக்கென்று ஒரு நம்பர் இருக்கும். அதைத்தான் எல்லாப் படிவத்திலும் எழுதுவார்கள். அந்த நம்பரோ பெங்களூர் வேலைக்குப் போகும் மகனின் சட்டைப்பையில் இருக்கும். காலையில் இங்கே அப்பா கணினியைத் திறப்பார். ஓடிபி ரயிலில் போய்க்கொண்டிருக்கும் மகனுக்குப் போகும். அப்பா பக்கத்து ஆளின் போனில் அழைப்பார். மகன் ரயில் இரைச்சலுக்கு மேல் ஒவ்வொரு எண்ணாகக் கத்துவான். பெட்டி முழுவதும் எங்கள் தொழிற்சாலையின் ரகசிய எண்ணைக் கேட்டுக்கொண்டு வரும். ஓடிபி வருகிற சிம்மையே ஏமாற்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் திருடர்களும் உண்டு என்று நான் மேடத்துக்கு விளக்கத் தொடங்கினேன். "அவங்களுக்கு அந்தக் கஷ்டமே வேணாம், டிக்கெட் எடுத்தா போதும்" என்றார் அவர்.

மூன்றாவது, கைப்பேசிச் செயலியிலேயே அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் எண். இதற்கு சிக்னல் வேண்டாம், யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. கைப்பேசியும் கணினியும் ஒரே ரகசியத்தையும் ஒரே நேரத்தையும் வைத்துத் தனித்தனியே ஒரே எண்ணைக் கணக்கிடும். ஸ்டோர்ஸ் குப்புசாமியிடம் மேடம் காட்டச் சொன்னார். தவறு. மறுபடியும் தவறு. அவர் நண்பர்கள் போனிலும் தவறு. வெகு நேரம் விழித்த பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலைத் தவறவிடக்கூடாது என்று இங்கே பாதிப் பேர் போன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் ஓட விட்டிருப்பார்கள். இந்த ஊர்க்காரனான எனக்கே அது தோன்றவில்லை. "சரியான டைம் வையுங்க" என்றேன். "ரயில வுட்டா நீங்க கொண்டாந்து வுடுவீங்களா?" என்றார் குப்புசாமி. கடைசியில் அவர் ஒரு கைக்கடிகாரம் வாங்கி, அதைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துக்கொண்டார். போன் உண்மை பேசியது.

ஆனாலும் பல பேருக்கு எண்ணைப் பார்த்து அடிப்பது சிரமமாக இருந்தது. அப்போது வந்ததுதான் 'ஒப்புதல்' முறை. கடவுச்சொல்லை அடித்ததும் கைப்பேசி டிங் என்று ஒலிக்கும். 'நுழைவது நீங்கள்தானா?' என்று கேட்கும். ஆம் என்று தட்டினால் கதவு திறக்கும். மேடம் கிரைண்டிங், வெல்டிங், ஸ்டோர்ஸ் என்று எல்லா இடத்திலும் காட்டச் சொன்னார். எங்கும் தடுமாற்றம் இல்லை. கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "சரி" என்றார்.

அந்த ஆண்டு ஆனியில்தான் லீலாவதி விவகாரம் வந்தது.

லீலாவதி எங்கள் சோதனை மேடையின் பொறுப்பாளர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். செய்து முடித்த ஹைட்ராலிக் பாகத்தை மேடையில் பொருத்தி, எண்ணெய் அழுத்தம் ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு எல்லா வரைபடங்களும் அவர் கணக்கில் திறக்கும். ஒரு திங்கட்கிழமை, அவர் மேடையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், வெளியூரிலிருந்து யாரோ அவர் கணக்கில் நுழைந்து, வாடிக்கையாளர் எங்களை நம்பிக் கொடுத்திருந்த புதிய வால்வின் வரைபடங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடவுச்சொல் சரி. ஒப்புதலும் லீலாவதியின் கைப்பேசியிலிருந்தே போயிருந்தது.

நிர்வாக அதிகாரி தேவராஜ் அன்று மாலையே, ஷிப்ட் மாறும் நேரத்தில், இரண்டு ஷிப்ட் ஆட்களும் நிற்கும்போது மேடைக்கு முன்னால் போய் உரக்கச் சொன்னார்: "இந்தம்மா இனிமே டெஸ்ட் பெஞ்ச் பக்கம் வரக்கூடாது. டிராயிங் வெளியே போனது இவங்க கையாலதான்." லீலாவதி கையுறையைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டுப் போனார். கடவுச்சொல்லை மாற்றச் செய்து, அவரை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலையைவிட, இந்தச் சின்ன ஊரில் 'டிராயிங்கை வித்தவ' என்ற பெயர் மிஞ்சும்.

ஆடி வெள்ளியன்று விசாரணை. மேடம், தேவராஜ், லீலாவதி, நான்.

"பாஸ்வேர்டு யாருக்குக் குடுத்தீங்க?" என்றார் தேவராஜ்.

"யாருக்கும் குடுக்கல சார். ஒரு மெயில் வந்துச்சு. தொட்டா, உள்ள வரதுக்கு நம்ம பக்கம் மாதிரியே காட்டுச்சு. அதுல அடிச்சேன். தொறக்கல. வுட்டுட்டேன்."

"சரி, அது ஏமாந்தீங்கன்னே வச்சுக்குவோம். போன்ல 'நீங்கதானா'ன்னு கேட்டுச்சே? கம்ப்யூட்டர் பக்கமே நீங்க இல்ல. ஏன் ஆமான்னு தட்னீங்க?"

லீலாவதி அவரை ஒரு விநோதப் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மணி அடிச்சுது சார். திருப்பி அடிச்சேன்."

தேவராஜ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் சோதனை மேடைக்கும் சுவருக்கு அப்பால் உள்ள பம்ப் அறைக்கும் இடையே ஒரு மணி உண்டு. சுரங்கம் மூடிய பின் எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு ஃபோர்மேன் வைத்த வழக்கம் அது. சுரங்கத்தில் ஏற்றி இறக்கும் கூண்டில் ஆள் ஏறப்போகிறார் என்றால் கீழிருந்து மூன்று மணி அடிப்பார்கள். மேலிருந்து அதே மூன்று திரும்பி வந்தால்தான் காலை எடுத்து வைக்கலாம். எங்களிடமும் அப்படியே. மேடைக்குள் ஆள் நுழைகிறார் என்றால் மூன்று. பம்ப் அறை மூன்றைத் திருப்பி அடித்தால்தான் நுழைய வேண்டும். இரண்டு என்றால் அழுத்தம் ஏற்று. மணி கேட்டுப் பதில் கொடுக்காதவருக்கு அன்றே மெமோ. 'மணி கேட்டால் பதில் கொடு' என்று மூன்று மொழியில் சுவரில் எழுதியிருக்கும். வேறு எந்த ஊரில் ஒப்புதல் முறையை வைத்திருந்தாலும் சிலராவது சந்தேகப்பட்டு யோசித்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு, ஒலித்த ஒன்றுக்குப் பதில் கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம்.

"மேடம், ஒரு நிமிஷம் வெளியே போய் வரலாமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

வெளியே ஷகீலாவிடம், எல்லாப் பொறுப்பாளர்களுக்கும் சோதனை ஒப்புதல் ஒன்றை அனுப்பச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். தேவராஜ் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். "யோசிக்காம யாராவது தட்டுவாங்களா மேடம்? கொழந்தையா?" என்று சொல்லும்போதே அவர் பையில் டிங் என்றது. பேச்சை நிறுத்தாமல் போனை எடுத்தார், தட்டினார், பையில் போட்டார், "அதனால இது தெரிஞ்சே செஞ்சது" என்று வாக்கியத்தை முடித்தார்.

மேடம் மெதுவாக, "தேவராஜ், இப்போ எதுக்கு ஆமாம் சொன்னீங்க?" என்று கேட்டார்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பிறகு என்னைப் பார்த்து அவரே வெடித்துச் சிரித்துவிட்டார். "அடப்பாவி ராஜேந்திரா! நானும் தட்டிட்டேனா?" என்றார். ஷகீலா கதவருகே வந்து, அனுப்பிய எல்லோருமே தட்டிவிட்டார்கள் என்றார்.

நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். மேடம் அப்படி நினைக்கவில்லை. "அவங்க தெரியாம தட்டியிருக்க முடியும்னு காட்டினீங்க. நல்லது. ஆனா பாஸ்வேர்டை அவங்களே குடுக்கலன்னு இது காட்டலயே? திருடனுக்குக் கூட்டாளியா இருந்தாலும் இதே மாதிரிதானே தட்டியிருப்பாங்க?" என்றார். அவர் சொன்னது நியாயம். தீர்ப்பைத் தள்ளி வைத்தார். லீலாவதி ஸ்டோர்ஸிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் லீலாவதி என்னிடம் கோபமாகக் கேட்டார்: "அது கெடக்கட்டும் சார். எங்க நைனா சுரங்கத்துல பேங்க்ஸ்மேன். மேல நின்னு மணிக்குப் பதில் குடுத்தவரு. மூணு அடிச்சா மூணு, ரெண்டு அடிச்சா ரெண்டு. உங்க போன் எத்தினி அடிக்குது? வெறும் டிங்குன்னா நான் எதத் திருப்பி அடிக்கறது?"

அதுதான் விஷயம். எங்கள் மணியில் எண்ணிக்கை இருந்தது. செயலியின் மணியில் இல்லை. அப்போதுதான் வந்திருந்த புதிய பதிப்பில் அதற்கு வழி இருந்தது. நுழைகிறவரின் கணினித் திரையில் ஓர் எண் தோன்றும்; அந்த எண்ணைக் கைப்பேசியில் அடித்தால்தான் திறக்கும். திரைக்கு முன்னால் இல்லாதவருக்கு எண் தெரியாது. கண்மூடித் தட்ட முடியாது. பக்கத்திலேயே 'நான் இல்லை' என்ற பொத்தானும் உண்டு. ஆவணி முழுவதும் அதை நிறுவி, மேடம் சொன்னபடி ஒவ்வொரு பிரிவிலும் காட்டினோம். 'திரையில் கண்ட எண்ணை மட்டும் திருப்பி அடி' என்று ஒரே வரியில் பயிற்சி முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

புரட்டாசி இரண்டாவது வாரம், குப்புசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், வாங்க. லீலா போன்ல நீங்கதான் பேசறீங்களாம். நீங்க இங்க கீறீங்க!"

ஸ்டோர்ஸில் லீலாவதி கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். பாதுகாப்புக் காலணிக்குக் கையெழுத்துப் போட வந்த தேவராஜ் அங்கேயே சிலைபோல் நின்றிருந்தார். போனில் ஓர் ஆண் குரல், மிகவும் மரியாதையாக, சொன்னதையே மறுபடியும் சொன்னது.

"மேடம், கம்ப்யூட்டர் செக்ஷன்லருந்து ராஜேந்திரன் பேசறேன். உங்க அக்கவுன்ட்டை சரி பண்ணிக்கிட்டு இருக்கோம். போன்ல எண் கேக்கும். நாப்பத்தேழுன்னு போடுங்க, போதும்."

லீலாவதி என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நாப்பத்தேழா? ராஜேந்திரன் சாரா பேசறீங்க? குரல் கம்மியிருக்கே, ஜலதோசமா?" என்றார்.

"ஆமா மேடம், கொஞ்சம். சீக்கிரம் போடுங்க, டைம் போயிடும்."

"போன மொற நீங்க பேசவேயில்லியே? மெயிலு மட்டும் அனுப்புனீங்க."

"அப்போ தேவைப்படல மேடம். நீங்களே தட்டிட்டீங்க. இப்போ புதுசா நம்பர் கேக்குதுல்ல, அதான்."

தேவராஜ் நிமிர்ந்தார். கூட்டாளியிடம் எவனாவது இன்னொருவன் பெயரைச் சொல்லி நடிப்பானா? ஏமாற்றப்பட்டவரிடம்தான் நடிப்பான். அதோடு, போன மெயிலும் தன்னுடையது என்று அவனே சொல்லிவிட்டான். அவர் அன்று விசாரணையில் கேட்ட கேள்விக்கெல்லாம் மேசைமேல் கிடந்த அந்தக் குரல் பதில் சொல்லிவிட்டது.

லீலாவதி குனிந்து போனுக்கு அருகில் வாயைக் கொண்டு போனார். "தம்பி, எங்க ஊர்ல மணிய நாங்களே கேட்டுத்தான் திருப்பி அடிப்போம். இன்னொருத்தன் வாயால சொன்னா அடிக்க மாட்டோம். போய்ட்டு வாங்க." 'நான் இல்லை' என்ற பொத்தானை அழுத்தினார். அந்த நொடியே கணக்கு பூட்டிக்கொண்டது. ஷகீலாவின் திரையில் எச்சரிக்கை வந்தது. அவன் எங்கிருந்து நுழைய முயன்றான் என்ற விவரம் முழுவதும் சைபர் போலீசுக்குப் போயிற்று.

மாற்றிய கடவுச்சொல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். மாதாமாதம் மாற்றச் சொல்லும் விதி இருந்தால் மனிதர்கள் கடைசி எண்ணில் ஒன்று கூட்டுவார்கள். அவனும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்திருக்கிறான். அந்த விதியை மேடம் மறுநாளே எடுத்துவிட்டார். இன்று வந்திருக்கும் சாவிக்குக் காரணம் இந்த அழைப்புதான். எண்ணை ஏமாற்றி வாங்க முயலலாம். சாவியோ, தான் பதிவான உண்மையான பக்கத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். எத்தனை அச்சு அசலாகப் போலிப் பக்கம் வைத்தாலும் அதோடு பேசாது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல அதில் எதுவும் இல்லை. புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவே.

குற்றமற்றவர் என்றும், அன்றே பழைய பொறுப்பில் சேரலாம் என்றும் மேடம் கையெழுத்திட்ட உத்தரவை மறுநாள் தேவராஜ் தானே எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு வந்தார். லீலாவதி கையை நீட்டவில்லை.

"எங்க சொன்னீங்களோ அங்கயே படிங்க சார்" என்றார்.

தேவராஜ் கொஞ்சம் யோசித்தார். "வாங்கம்மா" என்று முன்னால் நடந்தார். ஷிப்ட் மாறும் நேரம். போகிறவர்களும் வருகிறவர்களுமாக இரண்டு ஷிப்டும் மேடையைச் சுற்றி நின்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உத்தரவைப் படித்தார். படித்து முடித்ததும், "லீலாவதியம்மா, நான் சொன்னது தப்பு" என்று தன் பங்குக்கும் சேர்த்துச் சொன்னார். ஸ்பேனர்களால் இரும்பு மேசைகளைத் தட்டும் சத்தம் கூரையைப் பிளந்தது.

அது அடங்கும் முன் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், எந்திரம் ஓடுது, கிரைண்டிங்குக்கு ஒண்ணும் கேக்கல!"

தேவராஜ் லீலாவதியைப் பார்த்தார். லீலாவதி, "படிங்க சார்" என்றார்.

இரண்டாவது முறை அவர் படித்தபோது கிரைண்டிங் பிரிவில் எல்லா எந்திரங்களையும் நிறுத்தியிருந்தார்கள்.